மூன்றாவது முறை கேட்காதே

“அண்ணே, இது ரெண்டாவது தடவை. இதோட வாயை இறுக்கி மூடிக்கோங்க.”

“நான் எங்க கேட்டேன்? பை பத்திரமா இருக்கான்னு விசாரிச்சேன், அவ்வளவுதான்.”

“பை பத்திரமா இருக்கான்னு விசாரிக்கிறதும் மெழுகு கேக்குறதும் ஒண்ணுதான். என்கிட்டயேவா?”

“சரி, ஒண்ணரை தடவைன்னு வெச்சுக்கோ.”

“பேரம் பேச இது காய்கறிக் கடையா?”

உலக்கை அண்ணன் சிரித்தார். சிரித்த சிரிப்பில், மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த மார்புக்கவசம் தரையில் விழுந்து ஆயுத அறையே அதிர்ந்தது. அவர் குனிந்து எடுக்கப் போனார். வாய் திறப்பது தெரிந்தது. அவ்வளவுதான், நான் எழுந்து வெளியே ஓடிவிட்டேன். துணி துவைக்கும் முற்றத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும். இன்னொரு முறை அவர் கேட்டிருந்தால் நான் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் படையில் யாரும் தன் மெழுகைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. இருவர் இருவராகத்தான் இருப்போம். அவர் எனக்கு இணை, நான் அவருக்கு இணை. என் மெழுகு அவருடைய இடுப்புப் பையில் இருக்கும், அவருடையது என் இடுப்புப் பையில். விடிந்ததும் வழிபாட்டுக் கூடத்தில் எதிரெதிரே மண்டியிட்டு, ஒருவர் நாக்கடியில் மற்றவர் உருண்டை வைப்போம். தனியாக ஒருவன் அளவுக்கு மீறித் தின்னவும் முடியாது, தனியாக ஓடிப்போகவும் முடியாது. இணை ஒரே நாளில் மூன்று முறை கேட்டால் மட்டும் மறுக்கக் கூடாது. கூட்டின் மேல் கை வைத்துச் செய்த சத்தியம் அது.

கூடு என்பது கூடத்தின் பின்சுவரில், பாறைப் பிளவுக்குள் இருக்கும் தேன்கூடு. அந்தத் தேனீக்கள் பள்ளத்தாக்கின் விளிம்பில் பூக்கும் பூக்களை விட்டு வேறு எதிலும் உட்காராது. அவற்றின் மெழுகு பால் நிறத்தில் இருக்கும். நிழலில் பிடித்தால் லேசாக மினுங்கும். நாக்கடியில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ஒரு ரீங்காரம் எழும் பாருங்கள், அதை எப்படிச் சொல்வது! நெஞ்செலும்பு வரைக்கும் இறங்கும். கடவுள் வார்த்தைகளில் பேசுவதில்லை, இப்படித்தான் பேசுகிறார் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அது இல்லாமல் பனிமூட்டத்தில் நிற்க முடியாது. பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வரும்போது ஊர்க்காரர்களுக்கு வேண்டியவர்களின் குரல் கேட்கும். செத்துப்போனவர், பிரிந்துபோனவர், யாராவது ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கேட்டவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார், திரும்ப மாட்டார். நாங்கள் ஊர் மதில்மேல் நின்று அவர்களைத் தடுக்கிறோம். வாளெல்லாம் சும்மா அழகுக்குத்தான். எங்கள் நிஜமான ஆயுதம் தோள். என் அம்மா அப்படித்தான் போனாள், கையில் கரண்டியோடு. அதன் பிறகுதான் நான் படையில் சேர்ந்தேன்.

அண்ணன் மெழுகை விட்டுவிட நினைத்ததற்குக் காரணம் அவருடைய மகள். குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருநாள் வீட்டு வாசலில் அவர் காலணி கழற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று “அப்பா, அப்பா” என்று கத்தியிருக்கிறாள். அவர் திரும்பவில்லை. காதில் கோளாறு ஒன்றும் இல்லை. மூட்டத்தின் குரலை அடக்கி அடக்கி, வீட்டின் குரல்களும் அதோடு சேர்ந்து அடங்கிவிட்டன. எல்லோரும் ஒரே குரலில் பேசுவதுபோல ஆகிவிட்டது. கடைசியில் குட்டி அவர் முன்னால் வந்து நின்று, “நான்தான்ப்பா, உங்க பொண்ணு” என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாளாம்.

மறுநாளே அவர் படைத்தலைவரிடம் போய் விடுதலை கேட்டார். விடுதலைக்கு வழி உண்டு. உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்ற நிலை வந்ததும், அடுத்து வரும் மூட்டத்தில் வெறும்வாயோடு மதிலில் நிற்க வேண்டும். இணை பக்கத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டு நிற்கும். இருவர் பைகளும் சிவப்பு நூலால் முடியப்பட்டிருக்கும். மூட்டம் விலகும்போது ஆள் நிற்க வேண்டும், நூல் அறுபடாமல் இருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் சாகும்வரை படைதான், மறுவாய்ப்பு கிடையாது.

“நீ குடுக்காம இருந்தா போதும், மத்ததை நான் பாத்துக்குறேன்,” என்றார் அண்ணன். “நீதான் இந்தப் படையிலேயே ஓட்டவாய், ஆனா மனசு இரும்பு.”

“பாராட்டா, திட்டா?”

“ரெண்டும்தான், கிலுகிலுப்பை.”

அதுதான் எனக்கு இங்கே பெயர். வாய் ஓயாது என்று வைத்தது.

அவரைக்கொட்டை அளவில் இருந்த உருண்டை மிளகாகி, மிளகு கடுகானது. அவருக்கு வியர்த்து ஊற்றும், பல் கிட்டிக்கொள்ளும். முதல் முறை சிரித்துக்கொண்டே கேட்பார். இரண்டாவது முறை கெஞ்சுவார். அதற்கு மேல் வார்த்தை வந்துவிடக் கூடாது என்று தோல் வாரை மடித்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொள்வார். நான் வெளியே ஓடிவிடுவேன், இல்லாவிட்டால் சத்தமாகப் பாடுவேன். என் பாட்டுக்குப் பயந்தே அவர் கேட்காமல் இருந்ததும் உண்டு. மிச்ச மெழுகை மாலையில் மெழுகறையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எனக்கு ஒன்று மட்டும் தோன்றவே இல்லை. அவர் அப்படித் துடித்த நேரமெல்லாம் அவருடைய இடுப்பிலும் ஒரு பை தொங்கியது. என் மெழுகு, முழு அளவு, அவர் கைக்கெட்டும் தூரத்தில். நான் என் பையை அவரிடமிருந்து காப்பதிலேயே கண்ணாக இருந்தேன்.

அண்ணி தையல்காரி. கிழிந்த மேலங்கிகளைத் தைத்துக்கொண்டு வந்து வெளிமுற்றத்தில் கொடுப்பாள். ஒருநாள் வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடும் கொண்டுவந்தாள். ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“இவ்வளவு உப்பா?”

“அடப்பாவி மனுஷா,” என்றாள் அண்ணி. “கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே உப்புதான் போடுறேன். இன்னிக்குத்தான் நாக்கு வந்துச்சா?”

சொல்லிவிட்டு அவளே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த நேரம் பார்த்துக் குட்டி தொட்டிக்குப் பின்னாலிருந்து “அப்பா, இங்க தவளை!” என்று கத்தினாள். அண்ணன் சட்டென்று திரும்பினார். திரும்பியபின்தான் தான் திரும்பியது அவருக்கே தெரிந்தது. தட்டோடு எழுந்து, எச்சில் கையோடு, தவளையைப் பார்க்கப் போனார். அப்படி ஒரு தவளையை அதற்கு முன் உலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்பதுபோல இருந்தது அவர் முகம்.

அதே நாட்களில் எனக்கு ஒரு கஷ்டம். என் ரீங்காரம் மெலிந்துகொண்டே வந்தது. முன்பு நெஞ்செலும்பு வரை இறங்கியது, இப்போது காதோடு நின்றது. பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பதுபோல. காலையில் எழுந்தால் வாய் கசந்தது, எரிச்சலாக வந்தது, எதைத் தொட்டாலும் கை நழுவியது. மெழுகறையில் மெழுகம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள்தான் மெழுகை உருக்கி வடித்து உருட்டுகிறவள்.

“எல்லாருக்கும் ஒரே சட்டியிலதான் உருக்குறேன். உனக்குன்னு தனி அடுப்பா வெச்சிருக்கேன்?” என்றாள். “உள்ளுக்குள்ள ஏதாவது குறை இருந்தா அது குறையும்னு சொல்லுவாங்க. பாத்துக்கோ.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பக்தியில்தான் ஓட்டை. இணையைப் பிரியப்போகிற துக்கத்தில் கடவுளை மறந்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். காலை உணவை விட்டேன். கூடத்தின் கல்தரையை முழங்காலில் நின்று தேய்த்தேன். எல்லோரும் எழுவதற்கு முன் கூட்டின் முன்னால் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். ரீங்காரம் இன்னும் மெலிந்தது. நான் இன்னும் தேய்த்தேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் என் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தார்.

“உன் பக்தியில ஒரு குறையும் இல்ல,” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும். போய்ச் சாப்பிடு.”

மூட்டம் காலை உணவின் நடுவில் வந்தது. மணி அடித்ததும் கிண்ணங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். அண்ணனின் வாயில் கடுகளவுகூட இல்லாத நாட்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தன. மெழுகம்மா மூச்சு வாங்க வந்து இருவர் பைகளையும் சிவப்பு நூலால் முடிந்தாள். தலைவர் எங்கள் இடுப்புகளைக் கயிற்றால் பிணைத்தார். அவர் வயதானவர், அதிகம் பேச மாட்டார். அண்ணனின் தோளைத் தொட்டு, “நில்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மூட்டம் மதிலுக்கு மேல் பொங்கி, முதலில் எங்கள் கால்களையும் பிறகு கைகளையும் மறைத்தது. நான் அண்ணனைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு அடி எடுத்துவைத்தால் கயிற்றை இழுக்க வேண்டியவள் நான். அப்போது என் காதுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், ஒரு குரல்:

“சாப்ட்டியாடி?”

என் அம்மா.

“பாதியில எந்திரிச்சு ஓடுனியே. வா, ஆறிப்போகுது.”

முழு உருண்டை வாயில் இருக்கிறவர்களுக்கு மூட்டத்தில் எந்தக் குரலும் கேட்காது. கேட்கவே கேட்காது. எனக்குக் கேட்டது. அந்த நிமிடம் ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கியது: என் வாயில் இருப்பது முழு மெழுகு இல்லை. நான் தரை தேய்த்ததெல்லாம் வீண்.

“அண்ணே,” என்றேன். “என் மெழுகைத் திருடித் தின்னுட்டீங்களா?”

“தின்னல.”

“பின்ன ஏன் எங்கம்மா பேசுறாங்க?”

அம்மா மறுபடி கூப்பிட்டாள். என் கால் தானாக நகர்ந்தது. கயிறு இறுகியது, இழுத்தது அவர்.

“எனக்கு மெழுகு வேணும்,” என்றேன்.

“ஒண்ணு,” என்றார் அவர்.

“விளையாடாதீங்க. குடுங்கண்ணே. என்னால முடியல.”

“ரெண்டு.”

அப்போதுதான் மூட்டத்துக்கு நடுவில் அவருடைய கையைப் பார்த்தேன். அது பையின் முடிச்சின் மேல் இருந்தது. நான் மூன்றாவது முறை கேட்டால் அவர் அந்த நூலை அறுத்துவிடுவார். சத்தியம் சத்தியம்தான். அறுத்தால் குட்டியின் அப்பா மறுபடி படைக்குள், சாகும்வரை. என் வாயில் வார்த்தை உருண்டு வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. கைக்குக் கிடைத்த அவருடைய தோள்வாரை இழுத்துக் கடித்துக்கொண்டேன். வியர்வையும் துருவும் கலந்த ருசி.

“உங்கம்மா பேசுறாங்கன்னியே, என்ன சொல்றாங்க?” என்றார் அண்ணன், சந்தையில் விலை விசாரிப்பதுபோல.

வாரை விடாமலே, “சாப்ட்டியான்னு,” என்றேன்.

“சாப்ட்டேன்னு சொல்லு.”

“என்னது?”

“பதில் சொல்லு. சொல்லிட்டு இங்கயே நில்லு. எனக்கு எங்கப்பா பேசுறாரு. ஒரே திட்டு. ஆமாப்பா, சரிப்பான்னு சொல்லிட்டு நின்னுட்டிருக்கேன்.”

நான் சொன்னேன். சாப்பிட்டேன்மா. பாதிதான் சாப்பிட்டேன், மீதியை அப்புறம் சாப்பிடுகிறேன். நான் இப்போது வர முடியாது, வேலை இருக்கிறது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, நேரத்துக்குச் சாப்பிடு” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் கால் நகரவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் அந்த நேரத்தில்தான் வந்தார். கையெல்லாம் மாவு, முகத்தில் அந்தச் சிரிப்பு. நான் குறுக்கே தோளைக் கொடுத்தேன்.

“விடும்மா, என் பொண்டாட்டி கூப்பிடுறா.”

வழக்கமாக நாங்கள் பேச மாட்டோம்; ரீங்காரத்தில் அவர்கள் சொல்வது எங்களுக்குச் சரியாகக் கேட்கவும் கேட்காது. ஆளை அமுக்கிப் பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். அன்று எனக்கு அவர் சொன்னது கேட்டது.

“பதில் சொல்லுங்கய்யா. என்னன்னு கேளுங்க. ஆனா இங்கயே உக்காந்து கேளுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் காலடியிலேயே உட்கார்ந்து, மூட்டத்தைப் பார்த்து, அடுப்பு புகைவதைப் பற்றியும் மாப்பிள்ளையின் சோம்பேறித்தனத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். மூட்டம் விலகும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

தலைவர் வந்தார். நூலைப் பார்த்தார், முடிச்சைத் திருப்பிப் பார்த்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, “போ, வீட்டுக்குப் போ” என்றார். சுற்றி நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். நான் செய்யவில்லை.

தண்ணீர்த் தொட்டியருகே அவரைப் பிடித்தேன்.

“சொல்லுங்க. எத்தனை நாளா?”

“நான் குறைக்க ஆரம்பிச்ச அன்னிலேருந்து. எனக்கு நீ குறைச்ச மாதிரியே உனக்கும் குறைச்சேன். மீதிக்கு மெழுகுவத்தித் துண்டை உருக்கிக் கலந்தேன். பால் நிறம் வரணும்னு சுண்ணாம்பு ஒரு சிட்டிகை.”

“சுண்ணாம்பா! அதான் வாய் கசந்துச்சா? நான் கடவுளுக்கு என்மேல கோபம்னு நெனச்சு முழங்கால் தேய அழுதேனே!”

“தெரியும். அன்னிக்கே சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

“எதுக்கு இப்படிப் பண்ணீங்க?”

“நான் போயிட்டா உனக்குப் புதுசா ஒரு இணை வரும். இருபது வருஷம் கழிச்சு நீயும் என்னை மாதிரி நிப்ப. உன் பின்னால யாராவது கூப்பிடுவாங்க, உனக்குத் தெரியாது. அதை நெனச்சா எனக்குப் போகவே மனசு வரல.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா ஒத்துக்கிட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

“இது ஒரு பதிலாண்ணே? மூட்டத்துல நான் இறங்கிப் போயிருந்தா?”

அவர் தலைகுனிந்து நின்றார். “இன்னிக்கு வரும்னு எதிர்பார்க்கல. கயிறு இருக்குன்னு நெனச்சேன். தப்புதான். தலைவர்கிட்ட போய்ச் சொல்லு. என் விடுதலைய ரத்து பண்ணட்டும். நான் மறுக்க மாட்டேன்.”

பிறகு அண்ணியைக் கூப்பிட்டார். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அண்ணி, ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தாள். உள்ளே என் மெழுகு. எனக்குத் தராமல் எடுத்துவைத்தது எல்லாம், ஒரே கட்டியாக, கோழிமுட்டைப் பருமனில்.

“என்கிட்ட இருந்தா தின்னிருப்பேன்,” என்றார் அண்ணன். “அதான் இவகிட்ட குடுத்துட்டேன். எங்க வெச்சான்னு எனக்கே தெரியாது.”

“தையல் டப்பாவுல,” என்றாள் அண்ணி. “ராத்திரியெல்லாம் வீட்டைத் தலைகீழாப் புரட்டுவாரு. அதைத் திறக்க மட்டும் பயம். ஊசி குத்தும்ல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவர்கள் மூவரும் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை, அது முடிந்தது. முடியாதது இன்னொன்று. நாளை காலை எனக்குப் புது இணை வரும். கூடத்தில் மண்டியிட்டு என் நாக்கடியில் முழு உருண்டையை வைக்கப்போகிறது. வாயைத் திறப்பதா வேண்டாமா என்று அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

இப்போது படுக்கையில் உட்கார்ந்திருக்கிறேன், கட்டி என் உள்ளங்கையில். ரீங்காரம் சுத்தமாக நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக முற்றத்தில் வாளி உருளும் சத்தம், யாரோ இரண்டு பேர் சோப்புக்குச் சண்டை போடும் சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடவுள் பேசவில்லை. அவர் பேசியது இதற்குள் இருந்துதானா, இல்லை வெளியே இருந்தா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெழுகை விட்டாலும் நான் மதிலை விட மாட்டேன். பதில் சொல்லிக்கொண்டே நிற்கலாம் என்று இப்போது தெரிந்துவிட்டதே. அப்படி நின்றால் ஒவ்வொரு மூட்டத்திலும் அம்மா வருவாள், சாப்பிட்டியா என்பாள். அதற்காகவே நான் மூட்டம் வரும் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதுவும் இதுபோல ஒரு மெழுகுதானே?

கட்டி கைச்சூட்டில் இளக ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கேட்பதற்கு இணை யாரும் இல்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள்: நாளை நான் வாயைத் திறக்கலாமா, கூடாதா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?